உப்பும் கற்கண்டும் தகரமும்: பளிங்கைப் பிணைத்து வைப்பது எது?

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், எங்கள் சங்க உறுப்பினரும் இளைப்பாறிய இரசாயனவியல் ஆசிரியையுமான பழைய மாணவி ஆற்றிய உரை.)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "பழைய நினைவுகளைப் பேசவா?" என்று கேட்டேன். "அதைப் பேசப் பத்துப் பேர் இருக்கிறார்கள் டீச்சர், நீங்கள் ஒரு பாடம் எடுங்கள்" என்றார். முப்பத்தைந்து வருடம் பாடம் எடுத்தவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆகவே இன்று நீங்கள் எல்லோரும் மறுபடியும் என் வகுப்புப் பிள்ளைகள். பின் வாங்கில் பேசுகிறவர்கள் எழுந்து நிற்க வேண்டி வரும்.

இந்த மேசையில் ஆறு பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒரு கரண்டி உப்பு. ஒரு கற்கண்டுத் துண்டு. பழைய லயத்துக் கூரையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு தகரத் துண்டு. தோட்டத்து ரோட்டில் பொறுக்கிய ஒரு வெள்ளைக் கல். ஒரு பென்சில். கடைசியாக, இறுக மூடிய இந்தச் சின்னப் போத்தலுக்குள் ஒரு நீலக் கல். முதல் ஐந்தும் நம் எல்லோர் வீட்டிலும், காம்பிராவாக இருந்தாலும் பங்களாவாக இருந்தாலும், இருந்தவைதான். ஆறாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஆறும் பளிங்குகள். பளிங்கு என்றவுடன் பளபளப்பான கண்ணாடி நினைவுக்கு வரும். உண்மையில் கண்ணாடி பளிங்கு அல்ல. பொருளின் உள்ளே அணுக்களோ அயன்களோ மூலக்கூறுகளோ ஒரே ஒழுங்கில், எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருந்தால்தான் அது பளிங்கு. அந்த அடுக்குக்குச் சாலகம் என்று பெயர். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கிறோமே, அது பளிங்கு. அதே ஆட்கள் சம்பள நாளில் கடைத்தெருவில் நெருக்கியடித்து நிற்பது கண்ணாடி.

ஒரு பளிங்கைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அடுக்கில் உட்கார்ந்திருப்பது யார்? அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது? இந்த இரண்டுக்கும் வரும் விடையை வைத்துத்தான் பளிங்குத் திண்மங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறோம்.

முதலில் உப்பு. கொழுந்தெடுக்கப் போகும்போது அட்டைக்காக அம்மா ஒரு சிறு துணியில் உப்பு முடிந்து எடுத்துப் போவார். அந்த உப்பில் 'உப்பு மூலக்கூறு' என்று தனியாக ஒன்று கிடையாது. ஓர் இலத்திரனை இழந்த சோடியம், நேர் ஏற்றம் உள்ள அயன். அந்த இலத்திரனை வாங்கிக்கொண்ட குளோரின், மறை ஏற்றம் உள்ள அயன். ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரைட்டு, ஒவ்வொரு குளோரைட்டையும் சுற்றி ஆறு சோடியம். யாருக்கு யார் சோடி என்று சொல்ல முடியாது. எல்லோரும் எல்லோரையும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். இதுதான் அயன் சாலகம்.

எதிர் ஏற்றங்களின் இழுப்பு பலமானது. அதனால்தான் உப்பு உருக 801 பாகை செல்சியஸ் வேண்டும். அடுப்பில் வறுத்தாலும் உருகாது. ஆனால் உப்புக் கட்டியை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் தூளாகிவிடும். ஏன்? தட்டும்போது ஓர் அடுக்கு சற்றே நகர்கிறது. நகர்ந்தவுடன் நேருக்கு எதிரே நேர், மறைக்கு எதிரே மறை வந்து நிற்கின்றன. இழுத்துக்கொண்டிருந்தவை ஒன்றையொன்று தள்ளுகின்றன, பளிங்கு பிளந்துவிடுகிறது. தண்ணீரில் கரைவதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சிறிது நேர், மறுபக்கம் சிறிது மறை. தண்ணீர் அயன்களைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துப் போகிறது.

அயன்களின் ஏற்றம் கூடக்கூடப் பிடியும் இறுகும். பொகவந்தலாவைப் பக்கம் ஆற்றோரத்தில் மாணிக்கக் கல் தோண்டுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். நீலக்கல் என்பது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்கு. அலுமினியத்துக்கு மூன்று நேர் ஏற்றம், ஒட்சிசனுக்கு இரண்டு மறை ஏற்றம். அந்தப் பிணைப்பில் இலத்திரன் பங்கீடும் ஓரளவு கலந்திருக்கிறது. உருகுநிலை 2,000 பாகைக்கு மேல். எத்தனை காலம் ஆற்றில் கிடந்தாலும் கரையாது. வைரத்தைத் தவிர அதைக் கீறக்கூடிய இயற்கைக் கல்லைக் காண்பது அரிது. அதன் நீலம் அலுமினியத்தின் நிறமுமல்ல, ஒட்சிசனின் நிறமுமல்ல. அடுக்கில் அங்குமிங்கும் அலுமினியத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்த மிகச் சிறிதளவு இரும்பும் தைத்தானியமும் தருகிற நிறம் அது.

இரண்டாவது, கற்கண்டு. இங்கே அடுக்கில் இருப்பவை முழு மூலக்கூறுகள். ஒரு சீனி மூலக்கூறில் 45 அணுக்கள். அவை தமக்குள் பங்கீட்டு வலுப் பிணைப்பால் மிக இறுக்கமாகக் கட்டுப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையில் இருப்பவை ஐதரசன் பிணைப்பு போன்ற மெல்லிய இழுப்புகளே. அதனால் உப்பு அசையாத சூட்டில் சீனி இளகிக் கருகிப் பாகாகிவிடுகிறது. இது மூலக்கூற்றுச் சாலகம்.

இதைவிட மெல்லிய பிடியும் உண்டு. தேயிலைத்தூளை ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே குளிர்ந்த கண்ணாடித் தட்டால் மூடி, மெதுவாகச் சூடாக்குங்கள். தட்டின் அடியில் வெள்ளை ஊசிகள் படியும். அதுதான் கபீன், காலையில் நம்மை எழுப்பி விடுகிற சரக்கு. 1819 இல் ஜெர்மனியில் ருங்கே என்பவர் கோப்பிக் கொட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார். கபீன் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பவை பெரும்பாலும் வந்தர் வாலிசு விசைகள் எனும் மிக நலிந்த இழுப்புகள். ஆகவே அது உருகுமுன்பே நேராக ஆவியாகிப் பறந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடியும் பளிங்காகிறது.

மூலக்கூற்றுப் பளிங்குகளில் நமக்கு மிகவும் தெரிந்தது பனிக்கட்டி. சனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்காலைப் புல்லெல்லாம் வெள்ளை விரித்தாற்போல இருக்கும். ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் நான்கு அயலாரை ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு, நடுவில் இடைவெளி விட்டு நிற்கிறது. அந்த இடைவெளியால் பனிக்கட்டி தண்ணீரைவிட ஏறத்தாழ 9 வீதம் கூடுதல் இடம் எடுக்கிறது, தண்ணீரில் மிதக்கிறது. பனி விழுந்த மலையில் கொழுந்து கருகுவதைப் பார்த்து, "பனி சுட்டுடுச்சு" என்பார்கள் நம் பெரியவர்கள். இலையின் கலங்களுக்கு வெளியே முதலில் பனிப்பளிங்கு உண்டாகிறது. அது வளர வளரக் கலத்துக்குள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் இழந்த கலத்தின் மென்சவ்வு சிதைந்து, வெயில் ஏறியதும் இலை கருகிப் போகிறது. ஐதரசன் பிணைப்பு நலிந்ததுதான். நலிந்த பிடிகள் கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஒரு மலையின் ஒரு மாதக் கொழுந்தையே கொண்டுபோய்விடும்.

மூன்றாவது, தகரம். லயத்துக் கூரையில் புதுத் தகரம் போட்ட அன்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? மேலே சாம்பல் நிறத்தில் பூப்பூவாக, இறகு இறகாக ஒரு கோலம் தெரியும். அது இரும்புத் தகட்டின்மேல் பூசிய நாகம். உருகிய நாகத்தில் தோய்த்து எடுத்த தகடு ஆறும்போது நாகம் பளிங்காகிறது. அந்த ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு பளிங்கு. பூதக்கண்ணாடி இல்லாமல் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய உலோகப் பளிங்கு, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளின் தலைக்கு மேலேயும் இருந்தது.

உலோகச் சாலகத்தில் நேர் அயன்கள் அடுக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு அணுவும் விட்டுக்கொடுத்த இலத்திரன்கள் எவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் நடுவில் ஓடித் திரிகின்றன. அந்தப் பொது இலத்திரன்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. தகரத்தைச் சுத்தியலால் அடித்தால் உப்பைப் போல உடையாது, நெளியும். அடுக்கு நகர்ந்தாலும் இலத்திரன்கள் கூடவே நகர்ந்து மறுபடியும் பிடித்துக்கொள்கின்றன. மின்னைக் கடத்துவதும் அவைதான். சூட்டைக் கடத்துவதிலும் அவற்றுக்கே பெரும் பங்கு. பகலில் வேகவும் இரவில் நடுங்கவும் வைத்த கூரை அல்லவா!

நான்காவது, இந்த வெள்ளைக் கல். சின்ன வயதில் இருட்டில் இரண்டு வெள்ளைக் கல்லை ஒன்றோடொன்று உரசி, உள்ளே தெரியும் மங்கல் ஒளியைப் பார்த்து விளையாடியிருப்போம். அது சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது. அயனும் இல்லை, தனி மூலக்கூறும் இல்லை. ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஒட்சிசனோடு, ஒவ்வொரு ஒட்சிசனும் இரண்டு சிலிக்கனோடு பங்கீட்டு வலுப் பிணைப்பால் பிணைந்து, கல் முழுவதும் ஒரே வலையாக இருக்கிறது. ஒரு கல் என்பது ஒரே ஒரு இராட்சத மூலக்கூறு. அதை உருக்க 1,700 பாகை அளவு சூடு வேண்டும்.

இந்த வகையில்தான் வைரமும் வருகிறது. ஒவ்வொரு காபன் அணுவும் நான்கு காபனைப் பிடித்திருக்கிறது. இப்போது பென்சிலை எடுங்கள். இதன் கூர் காரீயமும் களிமண்ணும். காரீயமும் முழுக்க முழுக்கக் காபன்தான்! ஆனால் இங்கே ஒவ்வொரு காபனும் மூன்று பேரைத்தான் பிடித்திருக்கிறது. தட்டையான படலங்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. படலத்துக்குள் அணுவுக்கு அணு இடைவெளி 0.142 நானோமீற்றர், படலத்துக்கும் படலத்துக்கும் 0.335 நானோமீற்றர். உள்ளே வைரத்துக்குச் சளைக்காத பிடி, வெளியே நலிந்த பிடி. ஆகவே படலம் வழுக்கிக் கடதாசியில் படிகிறது, நாம் எழுதுகிறோம். நம் நாட்டுக் கேகாலை மாவட்டத்து போகலவிலும் குருநாகல் மாவட்டத்து கஹட்டகஹவிலும் நிலத்தடியில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் காரீயம், தூய்மைக்கு உலகப் பெயர் பெற்றது.

வைரமும் பென்சிலும் ஒரே பொருள். வேறுபடுவது, பக்கத்திலிருப்பவரை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பது மட்டுமே. 'இந்தப் பிள்ளை எந்தக் குடும்பம், எந்தத் தோட்டம்' என்று கேட்டுத் தரம் பிரித்த காலத்தில் படித்தவள் நான். இந்தப் பாடத்தை நடத்திய ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் சற்று நிறுத்திவிட்டுத்தான் தொடர்வேன்.

சரி, கண்ணுக்குத் தெரியாத இந்த அடுக்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1912 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் லாவே என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி, பிரீட்ரிக், நிப்பிங் என்ற இருவர் ஒரு பளிங்கினூடாக எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். பின்னால் வைத்த படத்தகட்டில் புள்ளிகள் விழுந்தன. உள்ளே ஒழுங்கான அடுக்கு இருப்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த வருடம் இங்கிலாந்தில் பிராக் என்ற தந்தையும் மகனும் அந்த முறையால் உப்பின் அடுக்கையே படித்துவிட்டார்கள். 1915 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25. உப்பில் தனி மூலக்கூறு கிடையாது என்பதை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆம்ஸ்ரோங் என்ற மூத்த இரசாயனவியலாளர் 1927 இலும் அதை மறுத்து எழுதினார்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பெயர் கத்லீன் லொன்ஸ்டேல். 1903 இல் அயர்லாந்தில், பத்துப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் அவர் படித்த பெண்கள் பாடசாலையில் பௌதிகவியலும் இரசாயனவியலும் உயர்கணிதமும் இல்லை. ஆகவே அந்தப் பாடங்களுக்காக ஆண்கள் பாடசாலைக்குப் போய் வந்தார். 1929 இல் பென்சீன் வளையம் தட்டையானது என்பதை எக்ஸ் கதிரால் நிறுவினார். 1945 இல் இலண்டன் ரோயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக்கியபோது தெரிவான இருவரில் ஒருவர் அவர். விண்கல்லில் கண்டெடுத்த, காபனின் இன்னொரு பளிங்கு வடிவத்துக்கு அவருடைய பெயரால் லொன்ஸ்டேலைட் என்று பெயரிட்டார்கள்.

ஆண்கள் பாடசாலைக்குப் போன கதையைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஏனென்றால் நானும் போனேன். எழுபதுகளில் நம் கல்லூரியில் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் இல்லை. கிழமையில் மூன்று பின்னேரம், நானும் என் பக்கத்து வாங்கில் இருந்தவளும், மழையில் குடை பிடித்துக்கொண்டு ஆண்கள் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு நடந்தோம். கடைசி மேசைதான் எங்களுக்கு. ஆனால் அங்கிருந்த மாஸ்டர் நல்லவர். ஒரு நாள் எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு நூலும் ஒரு முகவை நீலக் கரைசலும் தந்தார். செப்புச் சல்பேற்று, மயில்துத்தம்.

தேயிலையில் கொப்புள நோய் 1946 இல் இலங்கைக்கு வந்த பிறகு, செம்பு கலந்த மருந்தடிப்பது தோட்டங்களில் வழக்கமாயிற்று. என் அப்பாவும் மருந்தடிக்கிற ஆள். நீலமும் பச்சையுமாகச் செம்பின் கறை எனக்கு அப்பாவின் சட்டையிலிருந்தே பழக்கம். அந்தக் கறைக்குச் சொந்தக்காரனான செம்பு, நூலில் தொங்கி, மூன்று கிழமையில் சரிவான முகங்களோடு ஒரு கல்லாக வளர்ந்ததைப் பார்த்தபோதுதான் இரசாயனவியல் எனக்குப் பிடித்துப் போயிற்று. மியூனிக்கில் எக்ஸ் கதிரைச் செலுத்திய அந்த முதல் பளிங்கும் இதே செப்புச் சல்பேற்றுத்தான் என்பது எனக்குப் பல வருடம் கழித்தே தெரிந்தது.

இந்தக் கல்லில் அயன்கள் மட்டுமல்ல, தண்ணீரும் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு செம்புக்கு ஐந்து தண்ணீர். நான்கு செம்பைப் பற்றியிருக்கின்றன. ஐந்தாவது ஐதரசன் பிணைப்பால் நிற்கிறது. சூடாக்கினால் தண்ணீர் போய்விடும், நீலமும் போய்விடும். வெறும் வெள்ளைத் தூள் மிஞ்சும்.

1964 இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்கிட்டார்கள். எங்கள் வாங்கிலும் கணக்கு விழுந்தது. எனக்கு இங்கே, அவளுக்கு அங்கே. பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது ஹட்டன் ஸ்டேஷனில், ஒப்பாரிக் கோச்சி என்று நம் சனங்கள் பெயர் வைத்த ரயிலில் அவளை ஏற்றிவிட்டேன். அவளுடைய கல்லைப் பஞ்சில் சுற்றிப் பவுடர் டின்னில் வைத்து எடுத்துப் போனாள். என்னுடையது இதோ, இந்தப் போத்தலில்.

அவள் கோத்தகிரியில் கொழுந்தெடுத்தாள். உயர்தரம் எழுதவில்லை. பல வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் நம் சங்கத்தின் வாட்சப் குழு வழியாகத் திடீரென்று அவள் குரல். நலம் விசாரித்து முடிவதற்குள், "ஏ புள்ள, நம்ம கல்லு வெளுத்துப் போச்சுடி. அடுப்பு மாடத்துல வச்சிருந்தேன். தொட்டா உதிருது" என்றாள். குரல் அடைத்தது.

நான் ஆசிரியை அல்லவா, உடனே பாடம் எடுத்தேன். "அது கெட்டுப் போகவில்லை. சூட்டில் தண்ணீர்தான் போயிருக்கிறது. செம்பு அங்கேயே இருக்கிறது. உதிர்ந்த தூளையும் சேர்த்துக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் சுடுதண்ணீரில் கரை. ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள். கரைசல் நன்றாக ஆறியதும் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டாமல் வை. விஷம், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்" என்றேன். மூன்று கிழமை கழித்து ஒரு படம் வந்தது. பேத்தியின் உள்ளங்கையில் கடதாசி விரித்து, அதன்மேல் ஒரு நீலக் கல். பழையதைவிடச் சிறியது. முகங்கள் அதே சரிவு. அந்தப் பேத்தி இப்போது கல்லூரியில் இரசாயனவியல் படிக்கிறாள்.

சகோதரிகளே, நூற்றாண்டு நிதியில் வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்று யோசனை இருப்பதாக அறிகிறேன். வளைவும் அழகுதான். ஆனால் இன்றும் நம் கல்லூரியில் உயர்தர விஞ்ஞானம் இல்லை. இன்றும் பிள்ளைகள் வேறு பாடசாலைக்குத்தான் போகிறார்கள். வழியில்லாதவர்கள் வேறு பாடம் எடுக்கிறார்கள். தண்ணீர்க் குழாயும் வாயு அடுப்பும் இருபது முகவையும் உள்ள ஓர் ஆய்வுகூடம் இருந்தால், விஞ்ஞான ஆசிரியர்களைத் தாருங்கள் என்று கேட்க நமக்கு வாய் இருக்கும். வளைவை அடுத்த நூற்றாண்டுக்காரர்கள் கட்டட்டும்.

இந்தப் போத்தலை இன்று அதிபரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆய்வுகூடம் திறக்கிற அன்று அதன் முதல் அலுமாரியில் வையுங்கள். மூடியை இறுக்கமாகப் பூட்டி, அடுப்புக்குக் கிட்ட வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.